தவறான பிரிவில் கேட்கப்பட்ட கேள்வி

பிப்ரவரி 2

தம்பிக்கு,

போனில் கூப்பிடாமல் மெயிலில் கடிதம் எழுதுகிறாளே என்று பார்க்காதே. போனில் பேசினால் பேச்சு நேராக நீ வராத ஆபரேஷன் நாளுக்குத்தான் போகும். நான் கத்துவேன். நீ "சரிக்கா, சரிக்கா" என்பாய். எனக்கு இன்னும் எரியும். எழுதினால் திட்டியதை அழித்துவிட்டு மறுபடி எழுதலாம். இந்தக் கடிதத்தின் ஆரம்பத்தையே அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

விஷயம் இதுதான். அப்பாவின் டேப்லெட் பேசமாட்டேன் என்கிறது.

நீ அப்போது இங்கே இல்லை, அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். குரல்பெட்டியை எடுத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொன்ன பிறகு, பேச்சுப் பயிற்சி தரும் அம்மா ஒருத்தர் வீட்டுக்கு வந்தார். அப்பாவைப் பேசவைத்து, ஒவ்வொரு வாக்கியமாக டேப்லெட்டில் பதிவு செய்தார். ஒரு வாக்கியத்துக்கு ஒரு பட்டன். ஆபரேஷனுக்குப் பிறகு அப்பா பட்டனைத் தொட்டால் அப்பாவின் குரலே பேசும். படுக்கையறை ஜன்னலை மூடி, சுவரோரம் தலையணைகளை அடுக்கி வைத்தோம். காய்கறி மார்க்கெட்டில் ஆயுசெல்லாம் ஏலம் விட்ட மனுஷனுக்கு மெதுவாகப் பேச வருமா? "ஐயா, கத்தாதீங்க, மைக்கு பக்கத்துலதான் இருக்கு" என்று சொல்லிச் சொல்லியே அந்த அம்மாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

"தண்ணி", "போதும்", "வலிக்குது" என்று அவர் கேட்டதையெல்லாம் அப்பா வேண்டாவெறுப்பாகப் பேசினார். பிறகு அவராகவே "எவன்டா கதவைத் திறந்து போட்டது" என்று ஒன்று. "ஃபேனைக் கூட்டு, காசு நான் கட்டுறேன்" என்று ஒன்று. கடைசியாக, "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்!" தட்டில் கடைசி ரொட்டித் துண்டு கிடந்தால் அதைத் தொடுவார். வீடே சிரிக்கும். யாருக்கு வேண்டுமோ கையைத் தூக்க வேண்டும்.

போன வாரம் டேப்லெட் அதுவாகவே ஏதோ அப்டேட் ஆனது. அன்றிலிருந்து பட்டன்கள் இருக்கின்றன, தொட்டால் நிறம் மாறுகிறது, சத்தம் மட்டும் இல்லை. பாட்டுப் போட்டால் நன்றாகக் கேட்கிறது. அப்பா ஒரே பட்டனைத் திரும்பத் திரும்பத் தொட்டுவிட்டு என்னைப் பார்க்கிறார்.

ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் சும்மாவே கம்ப்யூட்டர் கேள்விக்குப் பதில் சொல்கிறவன் நீ. "என் பையன் கம்ப்யூட்டர் கோர்ட்டுல ஜட்ஜு" என்று குரல் இருந்த காலத்தில் அப்பா மார்க்கெட் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். என்ன செய்யட்டும், சொல்லு.

அக்கா


பிப்ரவரி 4

அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவை விசாரித்ததாகச் சொல்.

நான் ஜட்ஜு இல்லை. இணைய உதவி மன்றத்தில் ஒரு பிரிவின் பொறுப்பாளர், அவ்வளவுதான். வந்த கேள்வி சரியான இடத்தில் இருக்கிறதா, பதில் சொல்லும்படி இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. இல்லையென்றால் யாரும் பதில் எழுத முடியாதபடி அதை மூடுவோம். மூடுவது கோபத்தில் இல்லை. மூடாவிட்டால் குப்பை சேர்ந்து, நல்ல பதில்கள் யார் கண்ணிலும் படாமல் போய்விடும்.

நீ மன்றத்தில் கேட்பதுதான் நல்லது. தனியாகக் கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. இது பல வருஷமாக வைத்திருக்கும் பழக்கம். தனியாகச் சொன்னால் ஒருத்தருக்கு மட்டும் உதவும், தப்பாகச் சொன்னால் திருத்த ஆளிருக்காது. பொதுவில் சொன்னால் நாளைக்கு இதே பிரச்சினை வருகிற அத்தனை பேருக்கும் அது கிடைக்கும்.

எங்கே கேட்பது என்பதுதான் முக்கியம். டேப்லெட் பிரிவு இருக்கிறது, செயலிப் பிரிவு இருக்கிறது, ஒலிப் பிரிவு இருக்கிறது. யோசித்துத் தேர்ந்தெடு. டேப்லெட் பிரிவு என் பொறுப்பில் இருக்கிறது. நீ அங்கே கேட்டால் நான் அந்தக் கேள்வியைத் தொடமாட்டேன். சொந்த அக்காவுக்குச் சலுகை காட்டினான் என்று பெயர் வரக் கூடாது. அப்படி ஒரு விதி இல்லை, நானே வைத்துக்கொண்டது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


பிப்ரவரி 9

தம்பிக்கு,

உன் மன்றத்துக்குப் போய்வந்தேன். செருப்பு தேயவில்லை, மற்றபடி அரசாங்க ஆபீஸ்தான்.

முதலில் டேப்லெட் பிரிவில் கேட்டேன். பிரச்சினை டேப்லெட்டில்தானே? இப்படி எழுதினேன்: "எல்லோருக்கும் வணக்கம். என் அப்பா ஏலக்காரர். குரல்பெட்டியை எடுத்துவிட்டார்கள். அவர் குரல் டேப்லெட்டில் இருக்கிறது. அப்டேட்டுக்குப் பிறகு வெளியே வரமாட்டேன் என்கிறது. பாட்டு கேட்கிறது, அப்பா கேட்கவில்லை. தயவுசெய்து உதவுங்கள். முன்கூட்டியே நன்றி." தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் வணக்கத்தையும் நன்றியையும் யாரோ வெட்டியிருந்தார்கள். இன்னொரு தடவை பார்ப்பதற்குள் மூடியே விட்டார்கள். மூடியவர் பெயர் சுத்தியல். பொருத்தமான பெயர்தான், ஒரே அடி. "இது கருவிக் கோளாறு அல்ல, செயலிக் கோளாறு. இங்கே பொருந்தாது."

சரியென்று செயலிப் பிரிவுக்குப் போனேன். "இது செயலி எழுதுகிறவர்களுக்கான இடம், பயன்படுத்துகிறவர்களுக்கானது அல்ல" என்று மூடினார்கள். ஒலிப் பிரிவில், "நாங்கள் இசைப்பதிவு செய்கிறவர்கள்" என்றார்கள். நோயாளிகளுக்கு ஒரு பிரிவு இருந்தது, அங்கே "தொழில்நுட்பக் கேள்விகள் வேண்டாம்" என்றார்கள். கடைசியில் ஒரு புண்ணியவான் "இதே கேள்வி ஏற்கெனவே கேட்கப்பட்டிருக்கிறது" என்று ஒரு இணைப்பைக் கொடுத்தார். ஆவலாகத் திறந்தேன். அது நான் முதலில் கேட்டு, மூடப்பட்ட என் கேள்வியேதான்.

சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நானும் ஒரு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவள்தான். "இங்க இல்ல, அடுத்த ஜன்னல்" என்று நானும் தினமும் சொல்கிறேன். சீட்டு ஒட்டாத பாட்டிலை நானும் வாங்கமாட்டேன். அதனால் உங்கள் ஆட்களை முழுசாகத் திட்டவும் வாய் வரவில்லை. ஆனால் எல்லா ஜன்னலும் அடுத்த ஜன்னல் என்றால் அந்த மனுஷன் எங்கேதான் போய் நிற்பது?

அப்பாவுக்கு ஒரு எழுதும் பலகை வாங்கிக் கொடுத்தேன். அவர் கையெழுத்து உனக்குத் தெரியும், மூட்டையில் மை வைத்துக் குறி போட்ட கை. நான் புரியாமல் விழித்தால் பலகையைக் கவிழ்த்து வைத்துவிடுகிறார். இப்போது கரண்டியால் மேசையைத் தட்டித்தான் கூப்பிடுகிறார். ரொட்டி தட்டிலேயே காய்கிறது.

அக்கா


பிப்ரவரி 11

அக்காவுக்கு,

படித்தேன். வருத்தமாக இருந்தது. ஆனால் கோபப்படாமல் கேள். உன் கேள்வியில் பிழை இருக்கிறது.

அதில் கதை இருக்கிறது. பதில் சொல்லத் தெரிந்தவருக்கு அப்பா ஏலக்காரரா ஆசிரியரா என்பது தேவையில்லை. என்ன டேப்லெட், என்ன வெர்ஷன், எந்தச் செயலி, அப்டேட்டுக்கு முன் என்ன, பின் என்ன. இவ்வளவுதான் வேண்டும். நான் இப்படி எழுதுவேன்: "பதிவு செய்த ஒலியைப் பட்டன் மூலம் இயக்கும் செயலியில், இயங்குதள அப்டேட்டுக்குப் பிறகு ஒலி வரவில்லை. மற்றச் செயலிகளில் ஒலி இயல்பாக உள்ளது. காரணம் என்ன?" வெர்ஷன் எண்ணை செட்டிங்ஸின் அடியில் பார்த்துச் சேர்த்துவிடு.

புதிதாக ஐந்தாவது இடத்தில் கேட்காதே. ஒரே கேள்வியை நாலு இடத்தில் போட்டதைத் தொந்தரவாகத்தான் பார்ப்பார்கள். டேப்லெட் பிரிவில் மூடிய கேள்வியையே இப்படித் திருத்து. திருத்தினால் அது மறுபரிசீலனைக்குப் போகும். ஐந்து பேர் சரியென்று சொன்னால் திறக்கும். என் வாக்கை நான் போடமாட்டேன். அதைச் சொல்லிவிட்டேன்.

அதுவரை டேப்லெட்டில் யாரும் கை வைக்க வேண்டாம்.

தம்பி


பிப்ரவரி 17

தம்பிக்கு,

நீ சொன்ன மாதிரியே திருத்தினேன். வெர்ஷன் எண்ணைத் தேடி எடுத்துச் சேர்த்தேன், உனக்கும் தனியாக அனுப்பியிருக்கிறேன். கேள்வி இப்போது வெள்ளையடித்த சுவர் மாதிரி சுத்தமாக இருக்கிறது. அதில் அப்பா இல்லை.

அவர் வீட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறார். பழைய மார்க்கெட் ஆட்கள் இரண்டு பேர் பார்க்க வந்தார்கள். டேப்லெட் பேசிய காலத்தில் அவர்கள் வந்தால் "எவன்டா கதவைத் திறந்து போட்டது" என்று வரவேற்பார், அவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். இந்தத் தடவை அவர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி கிடந்தார். தூங்கவில்லை, இமை ஆடியது. அவர்களுக்கும் தெரிந்திருக்கும். சத்தமில்லாமல் எழுந்து போனார்கள்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பதிவுகளில் கடைசி வரிசையில் ஒரு பட்டன் இருக்கிறது. அதில் எழுத்து இல்லை, வெறும் பச்சை நிறம். அதை யாரும் தொடக் கூடாது என்று அப்பா சொல்லியிருக்கிறார். அது உனக்கு. மீதியை டேப்லெட் சரியான பிறகு சொல்கிறேன்.

இப்போது நான் கேட்பதற்கு நேராகப் பதில் சொல். "யாரும் கை வைக்க வேண்டாம்" என்று எழுதினாயே, ஏன்? உனக்கு ஏதோ பிடிபட்டிருக்கிறது. தெரிந்தால் சொல்லிவிடு. பொதுவில் வேண்டாம், ஊருக்கு வேண்டாம், எனக்கு மட்டும் சொல். நான் உன் மன்றத்து உறுப்பினர் இல்லை, உனக்குச் சோறு ஊட்டிய அக்கா.

உன் அக்கா


பிப்ரவரி 18

அக்காவுக்கு,

மூன்று வாக்கு விழுந்துவிட்டது. இன்னும் இரண்டுதான். நீ திருத்திய கேள்வியை ஒருத்தர் பாராட்டிக்கூட எழுதியிருக்கிறார்.

ஒரு யூகம் இருக்கிறது. சரிபார்க்காமல் சொல்ல மனமில்லை. அதோடு, தேடிப் பார்த்ததில் இந்த அப்டேட்டுக்குப் பிறகு இதே மாதிரி குரல் போனவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். ஒரு பெண் தன் அம்மாவுக்காகக் கேட்டு, அதுவும் மூடப்பட்டிருக்கிறது. உன் கேள்வி திறந்தால் எல்லோருக்கும் ஒரே இடத்தில் பதில் கிடைக்கும். உனக்கு மட்டும் இங்கே சொல்லிவிட்டால் நீ மறுபடி அந்தப் பக்கமே போகமாட்டாய், கேள்வி அப்படியே செத்துவிடும்.

இன்னும் கொஞ்சம் பொறு. பச்சைப் பட்டன் என்ன என்று சொல்லேன்.

தம்பி


பிப்ரவரி 23

அக்கா!

திறந்துவிட்டது! ஐந்தாவது வாக்கு யாருடையது தெரியுமா, சுத்தியலுடையது. உதவிக் கருவிகளுக்கென்று புதிதாக ஒரு பிரிவு தொடங்கியிருக்கிறார்கள், அங்கே அவரே நகர்த்தியும் வைத்தார். அதுதான் இதற்குச் சரியான இடம். நாங்கள் யாருமே முதலில் அதை யோசிக்கவில்லை.

திறந்தது நான் இல்லை, இப்போது இருக்கிற பிரிவும் என் பொறுப்பில் இல்லை, அதனால் பதிலை நான் எழுதலாம். காலையில் ஆபீஸ் போகாமல் உட்கார்ந்து, படங்களோடு எழுதினேன். சுருக்கமாக இங்கேயும் சொல்கிறேன்: குரல் எங்கேயும் போகவில்லை. அப்டேட் ஆனபோது, பதிவுகளை எடுக்கச் செயலிக்கு இருந்த அனுமதி போய்விட்டது. அவ்வளவுதான். செட்டிங்ஸுக்குப் போய், அந்தச் செயலியின் பெயரைத் தொட்டு, அனுமதி என்பதைத் திருப்பிவிடு. ஒரே ஒரு தொடுதல். எந்தக் காரணத்தைக் கொண்டும் செயலியை நீக்கிவிடக் கூடாது, நீக்கினால் பதிவுகளும் போய்விடும். அதைச் சிவப்பில் போட்டிருக்கிறேன்.

சரியானதும் என் பதிலுக்குப் பக்கத்தில் இருக்கிற குறியைத் தொடு. அப்போதுதான் இது சரியான பதில் என்று பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியும்.

அப்பாவை ஒரு தடவை ஏலம் விடச் சொல்லி எனக்குப் பதிவு செய்து அனுப்பு. ஆபரேஷனுக்குப் பிறகு அவர் குரலை நான் கேட்கவேயில்லை.

தம்பி


பிப்ரவரி 24

தம்பிக்கு,

டேப்லெட் பேசுகிறது. செய்தி வாசிக்கிற பெண் மாதிரி பேசுகிறது.

சனிக்கிழமை நான் வேலைக்குப் போயிருந்தேன். அப்பா சட்டையை மாற்றிக்கொண்டு, டேப்லெட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு, கடைத்தெருவில் போன் ரிப்பேர் செய்கிற கடைக்குத் தனியாகப் போயிருக்கிறார். ஆபரேஷனுக்குப் பிறகு தனியாக வெளியே போனது அன்றைக்குத்தான். எத்தனை நாள்தான் பார்ப்பார்? ஐந்து பேர் வாக்குப் போட வேண்டும் என்று அவரிடம் நான் எப்படி விளக்குவேன்? விளக்கினேன். "டேப்லெட்ட யாரும் தொடக் கூடாதாம்ப்பா, தம்பி சொல்லியிருக்கான்" என்றும் சொன்னேன். காரணம் கேட்கிற மாதிரி புருவத்தைத் தூக்கினார். காரணம் எனக்கே தெரியாதே.

அன்று மாலை கடைக்காரரைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனுஷன், பாவம். "பெரியவரு பலகையில 'பேசல'ன்னு எழுதிக் காட்டுனாரும்மா. நான் அந்த ஆப்ப அழிச்சிட்டு மறுபடி போட்டேன். 'அழிக்கட்டுமா'ன்னு அது கேட்டப்ப அவர்கிட்டயும் கேட்டேன். அவரு கைய ஆட்டுனாரு. வேணாங்கறாரா, சீக்கிரம் செய்யுங்கறாரான்னு எனக்கு வெளங்கல. கடையில கூட்டம் வேற." செய்து முடித்துவிட்டு, எழுத்தைத் தட்டினால் பேசும் என்று அப்பாவுக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்துமிருக்கிறார்.

வேண்டாம் என்றுதான் அப்பா கையை ஆட்டியிருப்பார். எனக்குத் தெரியும். ஏலத்தில் போட்டியை நிறுத்த அப்படித்தான் ஆட்டுவார். வாயால் ஒரு சொல் சொல்ல முடிந்திருந்தால் போதும்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு வீட்டில் வந்து உட்கார்ந்த பிறகுதான் உன் கடிதத்தைப் பார்த்தேன். ஒரே ஒரு தொடுதல்.

எப்போதிலிருந்து தெரியும் உனக்கு? யூகம் என்று சொல்லாதே. "கை வைக்க வேண்டாம்" என்று எழுதிய அன்றைக்கே தெரியும். நேர்மை, ஊர் நன்மை என்று நீ என்ன சொன்னாலும் எனக்கு ஒன்று தோன்றுகிறது. டேப்லெட் பேசாதவரை நாம் டேப்லெட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கலாம். அது சரியாகிவிட்டால் என் அடுத்த கேள்வி "எப்போது வருகிறாய்" என்பதுதான். அதை எந்தப் பிரிவில் கேட்டிருந்தாலும் நீ மூடித்தான் இருப்பாய்.

அக்கா


பிப்ரவரி 25

அக்கா,



பேச்சுப் பயிற்சி அம்மாவிடம் பிரதி இருக்குமா? உடனே கேள். டேப்லெட்டை அணைத்து வை, புதிதாக எதையும் ஏற்றாதே, அழிந்ததை மீட்க வழி இருக்கிறதா என்று இங்கே எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மீட்புப் பிரிவில் கேட்டேன். "விவரம் போதாது" என்று மூடியிருக்கிறார்கள். மறுபடி எழுதியிருக்கிறேன். உன் கல்யாண வீடியோவில் அப்பா பேசியிருப்பாரே? மார்க்கெட்டில் யாராவது எடுத்திருப்பார்களே?

நீ சொன்னது சரியா தப்பா என்று எனக்கே தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

லீவு சொல்லிவிட்டேன். டிக்கெட் போடுகிறேன். வருகிறேன். பச்சைப் பட்டனில் என்ன இருந்தது?

தம்பி


மார்ச் 6

தம்பிக்கு,

பேச்சுப் பயிற்சி அம்மா பிரதி வைத்திருக்கவில்லை. நோயாளியின் குரல் நோயாளிக்குச் சொந்தம், நாங்கள் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அவர்கள் வழக்கமாம். சொல்லும்போதே அழுதுவிட்டார். நான்தான் தேற்றி அனுப்பினேன். கல்யாண வீடியோவை ஓடவிட்டுப் பார்த்தேன். அப்பா எல்லா இடத்திலும் இருக்கிறார், வாய் ஓயாமல் அசைகிறது. மேலே முழுக்கப் பாட்டைப் போட்டு வைத்திருக்கிறார்கள். மார்க்கெட்டில் விசாரித்தேன். "தெனமும் கேக்கறது, அத யாரும்மா புடிச்சு வெப்பா" என்றார்கள். மீட்பதைப் பற்றி நீ அனுப்பியதையெல்லாம் கடைக்காரரோடு உட்கார்ந்து செய்து பார்த்தோம். ஒன்றும் வரவில்லை. இனிமேல் அனுப்பாதே.

அந்தப் பெண் குரலை அப்பா ஒரே ஒரு தடவை கேட்டார். "தண்ணீர் வேண்டும்" என்று அது இலக்கணமாகச் சொன்னது. டேப்லெட்டை என் கையில் கொடுத்துவிட்டு, தானே எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். இப்போது பலகையிலும் எழுதுவதில்லை. கரண்டியும் தட்டுவதில்லை. நானாகப் போய்ப் பார்த்தால்தான் அவருக்கு என்ன வேண்டும் என்று தெரிகிறது. போன கடிதத்தில் உன்னைக் கடுமையாகச் சொன்னேன். அழிக்கலாமா என்று யோசித்தேன். அழிக்கவில்லை.

மன்றத்திலிருந்து எனக்குத் தினமும் ஒரு செய்தி வந்துகொண்டிருந்தது. "உங்கள் கேள்விக்குப் பதில் வந்துள்ளது. பயன்பட்டதா?" இன்றைக்குத் திறந்து பார்த்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய், படமெல்லாம் போட்டு. சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும். அம்மாவுக்காகக் கேட்ட அந்தப் பெண் கீழே எழுதியிருந்தாள்: "அம்மா இன்று காலை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். உங்கள் குடும்பம் நன்றாக இருக்க வேண்டும்." நீ சொன்னது நடந்துவிட்டது, பலருக்கு உதவிவிட்டது. அவள்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. பதில் சரி என்பதால் குறியைத் தொட்டேன். பச்சையாக மாறியது.

நம் பச்சையைப் பற்றிக் கேட்டிருந்தாய். மறைத்து என்ன ஆகப்போகிறது. அதை அவர் நிறையத் தடவை பதிவு செய்தார். ஒரு தடவை கத்திவிட்டார் என்று அழித்தார், ஒரு தடவை குரல் உடைந்துவிட்டது என்று அழித்தார். "வந்து நிக்கறப்ப சாதாரணமா கேக்கணும், அவன் பயந்துடக் கூடாது" என்றார். நீ படியேறி வரும்போது தொடுவதற்கு என்று வைத்தது. "வந்துட்டியாடா? செருப்ப அங்கயே விட்டுட்டு உள்ள வா." அவ்வளவுதான்.

வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய், வா. கதவு திறந்துதான் இருக்கும். யாரும் கூப்பிட மாட்டார்கள், செருப்பை விட்டுவிட்டு நீயாக உள்ளே வந்துவிடு.

அக்கா